ஆறு வயது மகள் ஷின்சான் மாதிரி எதிர்த்துப் பேசுகிறாள், கார்ட்டூனை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. தமிழில் ஷின்சான் பார்த்துவிட்டு என்னையே "போடி" என்கிறாள். விருந்தாளிகள் முன்னால் இடுப்பை ஆட்டிக் காட்டுகிறாள். "நாமும் டாம் அண்ட் ஜெர்ரி பார்த்துத்தானே வளர்ந்தோம், கெட்டா போனோம்?" என்கிறார் கணவர். ஆனால் 'ப்ளூயி' என்ற நாய்க்குட்டி கார்ட்டூனில் ஒரு பறவை செத்துப்போனதற்கு அவள் தூங்காமல் அழுதாள். எதைக் காட்டுவது, எதை நிறுத்துவது?

பதில்: ஷின்சான் சின்னப் பிள்ளைகளுக்காக உருவானவன் இல்லை. 1990ல் யோஷிதோ உசுயி அந்தக் காமிக்ஸை வரைய ஆரம்பித்தது, ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் ஒரு வார இதழில். அப்பா அம்மாவின் பணக் கஷ்டம், சண்டை, சலிப்பு எல்லாம் ஐந்து வயதுப் பையன் வாயால் கிண்டலாக வரும், சுவையே அதுதான். 1992ல் டிவிக்கு வந்ததும் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சி எது என்று ஜப்பானியப் பெற்றோரைக் கேட்டபோது பலமுறை இதன் பெயரும் முன்வரிசையில் வந்தது. இந்தியாவிலும் 2008ல் மத்திய அரசு தடை விதித்தது, பிறகு வெட்டித்தான் திரும்ப ஒளிபரப்பினார்கள்.

உங்கள் கணவர் சொல்லும் டாம் அண்ட் ஜெர்ரியும் 1940ல் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காக எடுத்ததுதான். பெரியவர்களும் உட்கார்ந்து பார்த்த படம். அதில் கறுப்பினப் பணிப்பெண்ணைக் காட்டிய விதத்துக்கு இன்று எச்சரிக்கை வாசகம் போடுகிறார்கள். சிகரெட்டைக் கெத்தாகக் காட்டும் காட்சிகளை நீக்க 2006ல் பிரிட்டனில் சேனலே ஒப்புக்கொண்டது. கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்கு என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

சரி, "போடி"க்கு வருவோம். ஷின்சான் வம்பு செய்தால் அவன் அம்மா தலையில் குட்டிவிடுகிறாளே, பாடம் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1965ல் சோதித்தது கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு பெரியவர் பொம்மையை அடிப்பதைச் சிறுவர்களுக்குப் படமாகக் காட்டினார். கடைசியில் அவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகத்தான் அதைச் செய்து காட்டினார்கள். ஆனால் ஜூஸும் ஸ்டிக்கரும் தருகிறேன் என்றதும் அவர்களும் மற்றவர்கள் அளவுக்கு அப்படியே செய்தார்கள். அதாவது எல்லாரும் கற்றுக்கொண்டிருந்தார்கள், பரிசுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

உங்கள் வீட்டில் அந்தப் பரிசு எது என்று பாருங்கள். "எங்கே, ஷின்சான் மாதிரி பேசு கண்ணு" என்று மாமா கேட்பார், அவள் பேசுவாள், கூடமே சிரிக்கும். அடுத்த நாள் அதையே உங்களிடம் சொன்னால் அடி விழும். ஆறு வயதுக்கு இது எப்படிப் புரியும்? முதலில் சொந்தக்காரர்களிடம் பேசுங்கள். அவள் சொல்லும்போது யாரும் சிரிக்கவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். "இப்படிப் பேசினால் அம்மாவுக்கு வலிக்குது, வேற மாதிரி கேளு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஒழுங்காகக் கேட்கும்வரை கேட்டதைத் தராதீர்கள்.

ஷின்சானை இப்போதைக்கு நிறுத்துவதே நல்லது என்பது என் கருத்து. பெண்களைப் பார்த்து வழிவதை வேடிக்கையாகக் காட்டும் ஒன்றை, அது கிண்டல் என்று புரியாத வயதில் தினமும் பார்க்கத் தேவையில்லை. ஒரேயடியாகப் பிடுங்காமல், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஒரு எபிசோட் என்று குறையுங்கள். "இப்போ அவன் அம்மா முகம் எப்படி இருக்கு பாரு?" என்று நடுவில் கேளுங்கள்.

ப்ளூயியை நிறுத்தாதீர்கள். அடிபட்ட பறவையை டாக்டரிடம் கொண்டுபோய், அது இறந்ததும், ப்ளூயி அதையே விளையாட்டாக நடித்துப் பார்ப்பாள். சாவு கனமான விஷயம்தான், ஆனால் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து சொல்லியிருக்கிறார்கள். அவள் அழுதது சரியான அழுகை. மறுபடி பார்க்கக் கேட்டால் மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள், கேள்வி கேட்டால் "சாமி தூங்க வைத்துவிட்டார்" என்று மழுப்பாமல் செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள்.

அப்புறம், ஓடிடி தளங்களில் 2021 விதிகளின்படி 7+, 13+, 16+ என்று வயது போட்டிருக்கும். அவளுக்குத் தனி ப்ரொஃபைல் வைத்து, 7+ உள்ளதை நீங்கள் ஒருமுறை பார்த்த பிறகே காட்டுங்கள். யூடியூபில் யார் யாரோ ஏற்றும் கார்ட்டூன் துணுக்குகளுக்கு இந்த வகைப்பாடு கிடையாது. அங்கே ஆட்டோப்ளேயை அணைத்துவிடுங்கள், சாப்பாடு ஊட்டும்போது போனைக் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள்.