கருணை மனு தாமதமானால் தூக்குத் தண்டனை குறையுமா?

இந்தியாவில் குறைய வாய்ப்பு உண்டு, ஆனால் தானாகக் குறையாது. குடியரசுத் தலைவர் மனுவை நிராகரித்த பிறகு, தாமதத்தைக் காட்டி நீதிமன்றத்தில் ரிட் மனு (அடிப்படை உரிமையைக் காக்கக் கோரும் மனு) போட வேண்டும்.

2014 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் 15 பேரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது இந்த வழியில்தான். இத்தனை ஆண்டு என்ற வரம்பு எதையும் அது வைக்கவில்லை. காரணமில்லாத நீண்ட தாமதம் அரசின் பக்கம் இருந்தால் போதும். கைதியே இழுத்தடித்த காலம் கணக்கில் சேராது. பயங்கரவாத வழக்கு என்பதால் விலக்கு கிடையாது. அடுத்த மாதமே ராஜீவ் கொலை வழக்கில் மூவருக்குத் தூக்கு நீங்கியது. மனநோய், தனிமைச் சிறை ஆகியவையும் செல்லுபடியாகும் காரணங்கள்.

சிக்கல் பெரும்பாலும் தகவலில்தான். நிராகரிப்பைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு குறைந்தது 14 நாள் அவகாசம் தேவை. 2013 பிப்ரவரியில் திகாரில் ஒருவர் தூக்கிலிடப்பட்ட பிறகுதான் அரசின் கடிதம் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டம் தந்த கடைசிக் கதவை அஞ்சல் தாமதம் மூடியது பெருங்கொடுமை. ஆகவே, மனு நிலுவையில் இருக்கும்போதே சிறை ஆவணங்கள், மருத்துவக் குறிப்புகள், அரசுக்கு அனுப்பிய நினைவூட்டல் கடிதங்கள் எல்லாவற்றையும் தேதியோடு வழக்கறிஞர் திரட்டி வைக்க வேண்டும்.

தூக்குத் தண்டனையை ஒழிப்பதா என்ற விவாதத்தில் இந்தக் காத்திருப்பே வலுவான வாதம் என்பேன். பயங்கரவாதம், போர் தொடுத்தல் தவிர மற்றவற்றில் ஒழிக்கலாம் என்றுதான் சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது.