‘வரக்கூடிய சிக்கல்தான்’ என்று மருத்துவமனை கைவிரித்தால்?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி ஆபரேஷன் செய்தார்கள். திங்கள் காலை ஆபரேஷன், புதன்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். செவ்வாய் மாலையிலிருந்து வயிற்று வலியில் துடித்தார். இரவு முழுக்க வலிக்கு ஊசி போட்டார்களே தவிர டாக்டர் யாரும் வரவில்லை. புதன் மதியம் ஸ்கேன், அன்று இரவே மறுபடி ஆபரேஷன். வியாழன் காலை இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. ‘ஆபரேஷனைத் தப்பாகச் செய்து கொன்றுவிட்டார்கள்’ என்று நிர்வாகத்திடம் புகார் கொடுத்தோம். அவர்கள் ஒரு குழு போட்டு விசாரித்து, ‘பித்தநாளக் கசிவு இந்த ஆபரேஷனில் வரக்கூடிய சிக்கல், அலட்சியம் இல்லை’ என்று இரண்டே பத்தியில் பதில் அனுப்பிவிட்டார்கள். கேஸ் ஷீட் நகல் கையில் இருக்கிறது. மறுபரிசீலனை கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பழைய புகாரையே திரும்ப அனுப்பினால் பழைய பதில்தான் திரும்ப வரும். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, புகாரின் குறிதான் தவறிவிட்டது.

பித்தநாளம் என்ற பித்தநீர்க் குழாயிலிருந்து கசிவு வரக்கூடிய சிக்கல்தான் என்று மருத்துவமனை சொல்வது பொய்யில்லை. இந்த ஆபரேஷனில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளத்தில் காயம் படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கிறது. 1957இல் இங்கிலாந்தில் வந்த போலம் வழக்கின் அளவுகோலைத்தான் பல நாட்டு நீதிமன்றங்கள் ஏதோ ஒரு வடிவில் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கின்றன: அதே துறையில் பொறுப்பான மருத்துவர்களில் ஒரு சாரார் சரியென்று ஏற்கும்படி செய்திருந்தால் அலட்சியம் ஆகாது. அதாவது முடிவு மோசமாக இருந்தது என்பது மட்டும் போதாது.

ஆனால் அந்தப் பதில் பாதிக் கேள்விக்குத்தான். வரக்கூடிய சிக்கல் என்று முன்பே தெரியும் என்றால், அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதும் அவர்கள் வேலைதானே? கசிவு எப்போது தெரிய ஆரம்பித்தது, யார் பார்த்தார்கள், பார்த்தவர் யாரிடம் சொன்னார், சொன்ன பிறகு என்ன நடந்தது? உங்கள் புதிய மனு முழுக்க இந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய நர்ஸ் குறிப்புப் பக்கத்தைப் பார்த்தேன். செவ்வாய் மாலை 6 மணிக்கு பல்ஸ் 96. இரவு 10 மணிக்கு 112. இரண்டு மணிக்கு 124. காலை 6 மணிக்கு 136. பக்கத்திலேயே ‘வயிறு உப்பியிருக்கிறது, வலி அதிகம் என்கிறார், டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது, வலி ஊசி போடப்பட்டது’ என்று இருக்கிறது. எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார் என்பது இல்லை. அடுத்த டாக்டர் குறிப்பு காலை 9.30க்கு. பெரியவர் ஒருவருக்கு ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது வழக்கம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நாளாக நாளாக வலி குறைய வேண்டும். வலியும் பல்ஸும் சேர்ந்து ஏறினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று சந்தேகப்பட்டு வந்து பார்ப்பதுதான் முறை. உங்கள் வழக்கின் உயிர் இந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பத்திப் பதிலில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

அப்படியானால் இரவு டாக்டர் வராததே போதுமா?

போதாது. இங்கேதான் பல புகார்கள் சறுக்குகின்றன. 1997இல் இங்கிலாந்தில் தீர்ப்பான போலித்தோ வழக்கும் ஏறக்குறைய இப்படித்தான். குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது என்று நர்ஸ் கூப்பிட்டும் டாக்டர் வரவில்லை. வராதது கடமை தவறியதுதான் என்று மருத்துவமனையே ஒப்புக்கொண்டது. அப்படியும் குடும்பம் தோற்றது. டாக்டர் வந்திருந்தாலும் சுவாசத்துக்காகத் தொண்டை வழியே குழாய் போட்டிருக்க மாட்டார், அப்படிப் போடாமல் விடுவதும் மருத்துவ ரீதியில் தவறாகாது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதுதான் காரணம். அதே தீர்ப்பில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: மருத்துவருக்கு ஆதரவாக நிபுணர்கள் சொன்னால் மட்டும் போதாது, அந்தக் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும்.

அதனால் நீங்கள் இரண்டாவதாகக் காட்ட வேண்டியது: இரவு பத்து மணிக்கோ இரண்டு மணிக்கோ வந்து பார்த்து, ஸ்கேன் எடுத்து, கசிவைப் பிடித்திருந்தால் அப்பா பிழைத்திருக்க வாய்ப்பு அதிகமா? இதை நீங்களோ நானோ சொல்ல முடியாது. வயிற்று அறுவை சிகிச்சையில் நேரடி அனுபவமுள்ள, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒரு மருத்துவரின் எழுத்துபூர்வமான கருத்து வேண்டும். தெரிந்த டாக்டர் ஒருவர் ‘ஆமாம், தப்புதான்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம். மொத்தக் கோப்பையும் கொடுத்து, எந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும், செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘தாமதம் உண்மை, ஆனால் அதனால் முடிவு மாறியிருக்காது’ என்று அவர் சொல்லவும் கூடும். அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, வழக்கு நடத்திக் களைத்த பிறகு தெரிவதைவிட.

கேஸ் ஷீட் தவிர வேறென்ன வாங்க வேண்டும்?

ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, மருந்து கொடுத்த அட்டவணை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படமும் அறிக்கையும். லேப்ராஸ்கோபி கேமரா வைத்துச் செய்வது. வீடியோ பதிவு செய்திருந்தால் அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். பித்தப்பையின் நாளத்தையும் ரத்தக்குழாயையும் தெளிவாக அடையாளம் கண்ட பிறகே கிளிப் போட்டு மூடினார்களா என்பது அதில் தெரியும். பதிவுகள் கணினியில் இருந்தால், யார் எப்போது எதைச் சேர்த்தார், திருத்தினார் என்ற தடம் பெரும்பாலும் உள்ளே இருக்கும். அதையும் கேளுங்கள்.

பலரும் தூக்கிப் போட்டுவிடும் ஒரு காகிதம் உண்டு: பில். வாடிக்கையாளர் புகார்களைப் பார்த்துப் பழகியவனுக்கு முதலில் கண் போவது அங்கேதான். இனவாரியான பில்லைக் கேட்டு வாங்கி, கேஸ் ஷீட்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். செவ்வாய் இரவு ‘சிறப்பு மருத்துவர் பார்த்தார்’ என்று பின்னால் ஒரு குறிப்பு முளைத்தால், அந்த வருகைக்குக் கட்டணம் போட்டிருக்கிறார்களா? ஆன்டிபயாடிக் மாற்றினோம் என்றால் அந்த மருந்து எந்தத் தேதியில் பில்லில் ஏறியது? சிகிச்சைக் குறிப்பை எழுதுகிறவர் வேறு, கணக்கு எழுதுகிறவர் வேறு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் கேள்வி கேட்கலாம். பொருந்தாதது எல்லாம் மோசடி என்று முடிவுகட்டவும் வேண்டாம். விளக்கம் கேளுங்கள், போதும்.

இறப்புச் சான்றில் ‘இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம்’ என்று மட்டும் இருக்கிறதா? எல்லோருக்கும் கடைசியில் அதுதான் நிற்கிறது. இறப்புக் காரணம் எழுதுவதற்கான உலக சுகாதார நிறுவனத்தின் படிவம், சங்கிலியாக எந்த அடிப்படைக் காரணத்திலிருந்து எது வந்தது என்று எழுதச் சொல்கிறது. அந்த அடிப்படைக் காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை என்கிறீர்கள். அது ஒரு குறைதான், இனி ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது ஆபரேஷனில் வயிற்றைத் திறந்தபோது என்ன பார்த்தார்கள் என்ற குறிப்பு அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும்.

சம்மதப் படிவத்தில் ‘உயிராபத்து நேரலாம்’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே?

அது ஆபத்தைத் தெரிந்துகொண்டதற்கான கையெழுத்து. அலட்சியத்தை மன்னித்ததற்கு இல்லை. ஆபத்தை நோயாளிக்குப் புரியும்படி சொன்னார்களா என்பது தனிக் கேள்வி. உங்கள் விஷயத்தில் அதைப் பெரிதாக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தாமதம் என்ற வலுவான வாதத்தோடு பலவீனமான நாலு வாதங்களைச் சேர்த்தால், பதில் எழுதுகிறவர் அந்த நாலுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தாமதத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

எங்கே போவது?

என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. மருத்துவர் மீது ஒழுங்கு நடவடிக்கை என்றால் மருத்துவ கவுன்சில். அங்கே பொதுவாக இழப்பீடு கிடைக்காது. பணம் என்றால் உங்கள் நாட்டுச் சட்டப்படி நுகர்வோர் மன்றம் அல்லது சிவில் நீதிமன்றம். போலீஸில் குற்ற வழக்கு என்றால் பல நாடுகளில் சாதாரணத் தவறு போதாது, மிக மோசமான அலட்சியத்தைக் காட்ட வேண்டும். வழக்குப் போடுவதற்கான கெடு நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவமனைக்குள் மனு போட்டுக் காத்திருக்கும்போது அந்தக் கெடு நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். மறுபரிசீலனை மனு போடும் அதே வாரத்தில் வக்கீலைப் பார்த்துக் கடைசித் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குள் மருத்துவரின் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதலாமா?

வேண்டாம். அவதூறு வழக்கு வந்தால் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மீதிப் பில்லைத் தள்ளுபடி செய்கிறோம், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்களே?

கடிதத்தில் ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற மாதிரி வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பில் தள்ளுபடிக்கு அப்பாவின் வழக்கையே விற்றதாக ஆகிவிடலாம். அந்த வரியை நீக்கித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். நீக்க மறுத்தால் வக்கீல் பார்க்கும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.