பொலேரோ, ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டிகளில் பின் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கிற கியர் தொகுதி) ஆயிலை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

தாராளமாக மாற்றலாம், ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்: முதலில் கழற்ற வேண்டியது மேலே இருக்கும் ஊற்றுகிற பிளக்கைத்தான். நான் முதல் தடவை ஆர்வக்கோளாறில் கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலையெல்லாம் வடித்துவிட்டேன், அப்புறம் பார்த்தால் மேல் பிளக் துருப்பிடித்து அசையவே இல்லை, வண்டி இரண்டு நாள் நின்ற இடத்திலேயே நின்றது.

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகி நன்றாக வடியும். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இந்த உயரத்துக்கு ஜாக்கி தேவைப்படாது, படுத்தே நுழையலாம். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் அளவும் தப்பாகிவிடும்.

வடிகிற பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் கறுப்பாக மை போல ஒட்டியிருக்கும், அது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிடுங்கள். விரலில் குத்துகிற இரும்புச் சில்லு வந்தால் கியர் பல் உடைந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

புது ஆயிலின் கிரேடு மேனுவலில் இருக்கும், பெரும்பாலும் ஜி.எல்-5 எனும் தர வகைக் கியர் ஆயில். கந்தக நாற்றம் அடிக்கும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கைப்பம்பால் ஏற்றி, மேல் துளையின் கீழ் விளிம்பில் வழிந்ததும் நிறுத்தி, புது வாஷர் போட்டு மூடுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய ஆயில் வாங்குகிற கடையில் கொடுத்துவிடுங்கள்.