எக்ஸ்ரே எடுத்த மாதமே கரு தங்கிவிட்டால்?

திருமங்கலத்திலிருந்து 27 வயது வாசகி எழுதியிருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தைக்குக் காத்திருக்கிறார். போன மாதம் வண்டியிலிருந்து விழுந்து, மதுரையில் இடுப்புக்கு இரண்டு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். அன்று மாதவிலக்கின் 20ஆம் நாள். இப்போது நாள் தள்ளிப்போய், கார்டில் இரண்டு கோடு. “கதிர் பட்ட கரு வேண்டாம், கலைத்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார் அத்தை. என்ன செய்ய?”

கலைக்க வேண்டாம் அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயத்தில் நல்ல கருவை இழந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கிடந்து தவிக்கும்.

இடுப்பு எலும்பு எக்ஸ்ரே ஒன்றில் கருவுக்குப் போய்ச் சேரும் கதிர் சுமார் 1 முதல் 4 மில்லிகிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு இது). 50 மில்லிகிரேக்குக் கீழே ஊனமோ கருச்சிதைவோ கூடுவதாகத் தெரியவில்லை. எதுவும் எடுக்காமல் வீட்டிலேயே இருந்தாலும், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் கதிர் ஒன்பது மாதத்தில் 1 மில்லிகிரே வரை சேரும். பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இம்மியளவு கூடலாம் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அது கலைப்பதற்கான காரணம் ஆகாது.

அப்புறம், 20ஆம் நாள் என்றால் கரு உருவாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அப்போது உறுப்பு எதுவும் உருவாகத் தொடங்கவில்லை.

எனக்கு எக்ஸ்ரேயைவிட வலி மாத்திரைதான் கவலை. விழுந்ததற்கு டைக்ளோஃபினாக் மாதிரி ஏதாவது கொடுத்திருப்பார்கள். மிச்சம் இருந்தால் போடாதீர்கள். அட்டையை அப்படியே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபோலிக் அமில மாத்திரை இன்னும் தொடங்கவில்லை என்றால் அதையும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

குழந்தைக்கு முயற்சி செய்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. எக்ஸ்ரே அறைக் கதவில், சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில், கர்ப்பமாக இருந்தால் தெரிவிக்கச் சொல்லி ஒட்டியிருக்கும். “இருக்கலாம்” என்றாலும் சொல்லுங்கள். கடைசியாகத் தலைக்கு ஊற்றிய தேதியைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பல், நெஞ்சு எக்ஸ்ரேக்கெல்லாம் பயமே வேண்டாம். வயிறு, இடுப்பு சி.டி.யில்தான் அளவு ஏறும்; கல்லடைப்பு மாதிரி வலிக்கு முதலில் ஒலி அலை ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) போதுமா என்று கேட்கலாம். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கும் டியூப் டெஸ்ட்டை மாதவிலக்கு ரத்தப்போக்கு நின்ற பிறகு, கருமுட்டை வெடிப்பதற்கு முன் எடுப்பார்கள். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுத்த பெண்கள் மட்டும் குறைந்தது 6 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

திருமங்கலத்துச் சகோதரிக்கு: எக்ஸ்ரே சீட்டைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள். ஏழாவது வாரம் போல முதல் ஸ்கேன் எடுப்பார்கள். அது வெறும் ஒலி அலை, கதிர் கிடையாது. இதயம் துடிப்பது அதில் தெரியும். முடிந்தால் அத்தையையும் உடன் கூட்டிப் போங்கள்.