தினமும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி: குழந்தைக்கு ஆகுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. போன முறை ஐந்தாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்து ஏ.பி.எஸ். என்றார்கள். இப்போது ஏழு வாரம். ஆஸ்பிரின் மாத்திரையும், தினம் ஒரு ஹெப்பாரின் ஊசியும் கொடுத்திருக்கிறார்கள். வயிறெல்லாம் கன்றிப்போகிறது. குழந்தைக்கு ஆகாது என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்பதைத்தான் ஏ.பி.எஸ். என்கிறோம். உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்குவதால் ரத்தம் எளிதில் உறைகிறது. நஞ்சுக்கொடியும் சரியாக வேரூன்றாது. ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் சேர்ந்து நஞ்சுக்கொடியைத்தான் காக்கின்றன. இந்தச் சிகிச்சையோடு பெரும்பாலானோர் உயிருள்ள குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள். ஹெப்பாரின் மூலக்கூறு பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. இதை மாமியாரிடம் சொல்லுங்கள், அவர் பயமும் நியாயமானதுதான். தாண்டிப் போவது, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை; முன்பு காலில் ரத்தக்கட்டு வந்து அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கன்றலைக் குறைக்கலாம். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஒருநாள் இடது, மறுநாள் வலது என்று மாற்றுங்கள். தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேராக இறக்கி, மருந்து முழுக்க உள்ளே போகும்வரை மடிப்பை விடாதீர்கள். சிரிஞ்சில் இருக்கும் மருந்து முழுவதையும் போட வேண்டும் என்றால், அதில் இருக்கும் காற்றுக் குமிழியை வெளியே தள்ள வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் இன்னும் கன்றும்.

பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை பாசிட்டிவ் வந்தால்தான் ஏ.பி.எஸ். என்று உறுதியாகச் சொல்ல முடியும், ஒரு காய்ச்சலுக்குப் பிறகுகூட தற்காலிகமாக வரலாம். ஒரு முறைதான் பார்த்தார்கள் என்றால் டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை ஊசி தொடரட்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விடாத தலைவலி, ரத்தப்போக்கு இருந்தாலோ, பின் மாதங்களில் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவ வலி எடுத்தால் அடுத்த ஊசியைப் போடாமல் போன் செய்யுங்கள். ஏனென்றால், பிரசவத்தின்போது முதுகில் மயக்க ஊசி போட, கடைசி ஹெப்பாரினிலிருந்து குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் வழக்கமாக ஆறு வாரம் ஊசி உண்டு, தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். அப்புறம், கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாம்.