"பிரசுரமானதும் பணம்" என்றார்கள், பிரசுரமே ஆகவில்லை: என்ன செய்வது?

கேள்வி: ஃப்ரீலான்ஸாக எழுதுகிறேன். ஓர் இணைய இதழுக்கு நான்கு கட்டுரைகள் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. ஒன்றுதான் வெளியானது, அதற்கும் பணம் வரவில்லை. "பிரசுரமானதும் தருவோம்" என்று போனில் சொல்லியிருந்தார்கள். இப்போது எடிட்டர் பதிலே போடுவதில்லை. அடிக்கடி கேட்டால் அடுத்த வாய்ப்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, சொல்லுக்கு இவ்வளவு என்று கேட்பது நல்லதா, கட்டுரைக்கு இவ்வளவு என்பதா?

பதில்: நான்கையும் ஒரே பாக்கியாகப் பார்க்காதீர்கள். வெளியானது வேறு, கிடப்பில் கிடக்கும் மூன்று வேறு.

வெளியான கட்டுரைக்கு அவர்கள் வைத்த நிபந்தனை நிறைவேறிவிட்டது. இன்வாய்ஸ் அனுப்பினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அனுப்பவில்லை என்றால் இன்றே அனுப்பிவிடுங்கள். "என் பணம் என்னாச்சு சார்" என்று எடிட்டருக்கு மெசேஜ் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். அவர் நல்லவராகவே இருக்கட்டும், பெரும்பாலான இடங்களில் பணம் தருவது அக்கவுண்ட்ஸ் பிரிவு. அங்கே இன்வாய்ஸ் போய்ச் சேராதவரை உங்கள் பாக்கி அவர்கள் கணக்கிலேயே ஏறாது. இன்வாய்ஸுக்கு ஓர் எண், தேதி, கட்டுரையின் தலைப்பு, ஒப்படைத்த நாள், வெளியான நாள், பேசிய தொகை, வங்கி விவரம், இவ்வளவு இருந்தால் போதும். முக்கியமாக, எந்தத் தேதிக்குள் பணம் வர வேண்டும் என்பதையும் போடுங்கள். "விரைவில்" என்று எழுதினால் அது யாருடைய வேலைப் பட்டியலிலும் ஏறாது.

அந்தத் தேதி தாண்டிய மறுநாளே நினைவூட்டல் போகட்டும். அக்கவுண்ட்ஸுக்கு எழுதி எடிட்டருக்கு நகல் வையுங்கள். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" வேண்டாம், கோபமும் வேண்டாம். "இன்ன எண் இன்வாய்ஸுக்கான தொகை நேற்று வந்திருக்க வேண்டும், எப்போது அனுப்புகிறீர்கள் என்று தெரிவியுங்கள்" என்ற இரண்டு வரி போதும். இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள். பேசி முடித்த கையோடு, பேசியதை மெயிலிலும் எழுதிவிடுங்கள்.

கிடப்பில் இருக்கும் மூன்றுக்கு அணுகுமுறை வேறு. "பிரசுரமானதும்" என்ற நிபந்தனையில் தேதியே கிடையாது. பிரசுரிப்பதும் அவர்கள் கையில், பணம் தரும் நாளும் அவர்கள் கையில். அதனால் தேதியை நீங்கள் வையுங்கள்: "இந்த மாதக் கடைசிக்குள் வெளியிடும் தேதியை உறுதி செய்யாவிட்டால் மூன்று கட்டுரைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." அப்படி எழுத உங்களுக்கு இடம் உண்டு. 1886-இல் உருவாகி இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கும் பெர்ன் உடன்படிக்கைப்படி, எழுதியவருக்குக் காபிரைட் தானாகவே வந்துவிடுகிறது, பதிவு செய்யத் தேவையில்லை. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட்டு உரிமையை மாற்றிக் கொடுக்கவில்லையே? அதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய இணையதளத்தில் கட்டுரை அனுப்பும்போது "ஏற்கிறேன்" என்று டிக் செய்த விதிமுறைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கெடு முடிந்ததும், திரும்பப் பெற்றுவிட்டதாக ஒரு மெயில் அனுப்பிய பிறகே வேறு இடத்துக்குக் கொடுங்கள். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் வந்துவிட்டால் கெட்ட பெயர் உங்களுக்குத்தான்.

வாய்ப்பு போய்விடுமோ என்கிறீர்கள். நேரத்துக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறார் என்பதற்காக ஓர் எழுத்தாளரைக் கழற்றிவிடும் இதழ், அவர் பொறுமையாக இருந்தாலும் பணம் தரும் என்று நான் நம்ப மாட்டேன். உண்மையில் உங்களைச் சிக்க வைத்தது முதல் கட்டுரைக்குப் பணம் வருமுன் நான்காவது வரை கொடுத்ததுதான். புது இடமாக இருந்தால் முதல் பணம் கைக்கு வந்த பிறகே இரண்டாவது கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வேலையாக இருந்தால் பாதியை அட்வான்ஸாகக் கேட்கலாம், தவறே இல்லை.

அப்புறம், போனில் பேசி முடித்ததை அன்றைக்கே மெயிலில் எழுதி "சரிதானே?" என்று கேட்டு பதில் வாங்குங்கள். தனியாக ஒப்பந்தப் பத்திரம் இல்லாவிட்டாலும் பின்னால் கைகொடுக்கப்போவது அந்தப் பதில்தான். தலைப்பு, நீளம், தொகை, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பணம் தரும் நாளை ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். "ஒப்படைத்த 30 நாளுக்குள்" என்பது அதிகப்படியான கோரிக்கை ஒன்றும் இல்லை. நியூயார்க் நகரில் 2017 முதல், தேதி எதுவும் பேசாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் ஃப்ரீலான்ஸருக்குப் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. "நாங்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான்" என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், 14 நாளில் பதில் வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கட்டுரையைக் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் தரும் தொகைக்குக் கில் ஃபீ என்று பெயர். கால் பங்கிலிருந்து பாதி வரை பேசுவது வழக்கம். எல்லா இதழும் தராது, ஆனால் கேட்காமல் யாரும் தருவதில்லை.

இனி சொல்லுக்கா, கட்டுரைக்கா? என் ஓட்டு கட்டுரைக்கு. நான்கு பேரைப் பேட்டி கண்டு எழுதிய 800 சொல்லும், உட்கார்ந்த இடத்தில் எழுதிய 800 சொல்லும் ஒரே உழைப்பு இல்லை. தேடுதல், பேட்டி, எழுதுதல், திருத்தம் எல்லாவற்றுக்கும் ஆகும் மணி நேரத்தைக் கூட்டி, அதிலிருந்து தொகைக்கு வாருங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அதே விஷயம் ஆங்கிலத்தைவிடக் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். ஆங்கில ரேட்டை அப்படியே தமிழுக்கு வைத்தால் நஷ்டம் நமக்கு. மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தின் சொல் எண்ணிக்கைக்குப் பேசுங்கள். சொல் கணக்கில்தான் தருவோம் என்று சொல்லும் இடத்தில், கேட்ட சொற்களுக்கா வெளியான சொற்களுக்கா என்பதை முன்பே தெளிவாக்கிவிடுங்கள். அவர்கள் 1,200 கேட்டு, நீங்கள் 1,200 கொடுத்து, எடிட்டர் அதை 700 ஆக வெட்டினாலும் உங்கள் இன்வாய்ஸில் இருக்க வேண்டியது 1,200.