நிகோடினுக்கு என்று ஒரு சங்கம்

அன்புள்ள ஐயா,

புகைப்பதை விட உதவும் நிகோடின் சுவிங்கம் பிறந்த கதையை எழுதியபோது, 1994இல் ‘நிகோடின், புகையிலை ஆய்வுச் சங்கம்’ தொடங்கப்பட்டதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். சிகரெட்டால் புற்றுநோய் வரும் என்று 1950லேயே தெரியுமே, 44 வருடம் கழித்து ஆராய என்ன மிச்சம்? புகையிலையில் இருப்பதுதானே நிகோடின், பெயரில் அது முன்னால் ஏன்? என் அப்பா நாற்பது வருடம் பீடி குடித்தவர். காலையில் கண் திறந்ததும் கை தலையணைக்கு அடியில் போகும். காப்பியெல்லாம் அப்புறம்தான். கேட்டால், “வெறும் பழக்கம்தான், நினைத்தால் விட்டுவிடுவேன்” என்பார்.

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

அவசரத்தில் எழுதிய வரி அது. இப்போது சரிசெய்கிறேன்.

1950இல் பிரிட்டனில் டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது, புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை. அது தெரிந்த பிறகும் ஒருவரால் ஏன் விட முடியவில்லை என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டவர்கள் வெகு குறைவு. 1964இல் வந்த அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை புற்றுநோய் விஷயத்தை அடித்துச் சொன்னது. ஆனால் இந்த இடத்தில் உங்கள் அப்பா கட்சியில் சேர்ந்துகொண்டது: இது பழக்கம், போதை அடிமைத்தனம் அல்ல என்று. ஹெராயின், கொக்கெய்ன் போலத்தான் நிகோடினும் என்று அதே அலுவலகம் மாற்றிச் சொல்ல 1988 ஆகிவிட்டது.

நடுவில் கேட்டவர்களும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். எலிக்கு நிகோடின் கொடுத்துப் பார்த்த மருந்தியலாளர் ஒரு பக்கம், புகைப்பவரை எதிரே உட்காரவைத்துப் பேசிய உளவியலாளர் இன்னொரு பக்கம். லண்டன் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976லேயே எழுதிவிட்டார்: ஆட்கள் புகைப்பது நிகோடினுக்காக, சாவது புகையோடு உள்ளே போகும் தாரினால். பெயரில் நிகோடின் முன்னால் நிற்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

விஷயம் நன்றாகத் தெரிந்தவர்கள் சிகரெட் நிறுவனங்களுக்கு உள்ளேயே இருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் பிலிப் மோரிஸ் ஆய்வகத்தில் விக்டர் டினோபிள், பால் மீலி என்ற இருவர் எலிக்கூண்டில் ஒரு லீவர் வைத்தார்கள். அதை அழுத்தினால் எலியின் ரத்தத்தில் கொஞ்சம் நிகோடின் இறங்கும். எலிகள் திரும்பத் திரும்ப அழுத்தின. கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். நிறுவனம் அதைத் திரும்பப் பெற வைத்தது. 1984இல் ஆய்வகத்தையே மூடியது. வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தம் இருந்ததால் இருவரும் பத்து வருடம் வாயைத் திறக்கவில்லை.

1994 ஏப்ரல் 14 அன்று ஏழு சிகரெட் நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கையுயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமையாக்காது என்று நம்புவதாக ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். இரண்டே வாரத்தில், 28ஆம் தேதி, அதே குழுவின் முன் டினோபிளும் மீலியும் வந்து எலிகளைப் பற்றிச் சொன்னார்கள்.

சங்கம் தொடங்கியதும் அதே வருடம்தான். உடனே இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். மூலைகளில் இருந்தவர்கள் ஒரே அறையில் உட்கார வேண்டிய தேவை முன்பே இருந்தது. மூலக்கூறிலிருந்து சமூகம் வரை நிகோடினின் எல்லா முகங்களையும் ஆராய்வது என்று தங்கள் நோக்கத்தை வைத்துக்கொண்டார்கள். கேட்கப் பெரிய வாயாகத் தெரியும். ஆனால் எலியை வைத்திருந்தவரும் புகையிலை வரியை ஆராய்ந்தவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க வேறு வழி? அதுவரை மருந்தியல், உளவியல், புற்றுநோய் இதழ்கள் என்று சிதறிக்கிடந்த கட்டுரைகளுக்கு 1999இல் சங்கத்தின் சொந்த இதழ் கிடைத்தது.

எனக்கு ஒரு நெருடல் உண்டு. சுவிங்கம் போன்ற நிகோடின் மருந்து விற்கும் நிறுவனங்களிடம் பணம் வாங்கிய ஆய்வாளர்களும் இந்தத் துறையில் இருக்கிறார்கள். சிகரெட் காசும் மருந்துக் காசும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் காசு காசுதான்.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஸ்வீடன் உளவியலாளர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோமும் ஒருவர். நிகோடின் ஒருவரை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அளக்கும் கேள்வித்தாள் அவர் பெயரில்தான் வழங்குகிறது. 1991 வடிவத்தில் ஆறு கேள்விகள். முதல் கேள்வி: தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ஐந்து நிமிடத்துக்குள் என்றால் முழு மதிப்பெண், மூன்று. சிகரெட் இருக்கும் இடத்தில் பீடி என்று போட்டுக்கொள்ளுங்கள்.